நம்பரைத் தட்டினால் விலாசம் வரும்

டேப் அக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது நான்தான். பார்சல் அலுவலகத்தில் எங்கள் இருவருடைய கவுண்ட்டரும் அடுத்தடுத்து இருந்தன. பதினொரு வருடம் அவள் முழங்கையும் என் முழங்கையும் இடித்துக்கொண்டேதான் வேலை பார்த்தோம். அவள் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டினால், வாங்குகிறவர் அதைப் பிரிக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கும் என்று கிண்டல் செய்வோம். மூலைகளில் குறுக்காக ஒரு சுற்று, நடுவில் இரண்டு சுற்று, கடைசியில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு தேய்ப்பு. அவள் கட்டிய பெட்டி நசுங்கிப் போய்ச் சேர்ந்ததாக ஒரு புகார்கூட வந்ததில்லை.

எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு உண்டு. வெளியே பெரிய சாலை. கண்ணாடியில் இருக்கும் கையளவு ஓட்டை வழியாக அவர்கள் சொல்வது பாதிதான் உள்ளே வரும். "காது கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்று நாளுக்கு ஐம்பது தடவையாவது அக்கா சொல்வாள். கேட்டுக் கேட்டு எனக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். நாற்பத்தேழு வயதில் நுரையீரலில் கட்டி என்றார்கள். நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பகல் முழுக்க அக்கா அவர் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் அவளுடைய போனில் பாட்டுப் போட்டு, இயர்போனில் ஒன்றை அவர் காதிலும் மற்றதைத் தன் காதிலும் வைத்துக்கொள்வாள். இருவருக்கும் பிடித்த பாடகர் ஒருவர்தான். அப்போதே அவர் பெரிய பாடகர். அந்த நான்கு மாதத்தில் இருவரும் பேசிக்கொண்டதைவிட அவர் பாடியதுதான் அதிகம் என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

கணவர் போன பிறகு மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். அழவில்லை. பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட எடுக்காமல் மூடிவிடுவாள். வீட்டில் அவளும் மகளும்தான். மகள் ஒரு கண்ணாடிக் கடையில் விற்பனைப் பெண். ஆளுக்கொரு மூலையில் துக்கத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் யாரோ அவளை அந்தப் பாடகரின் ரசிகர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். போனில் நடக்கும் குழு. முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். காலையில் ஒரு பாட்டு, சாயங்காலம் ஒரு பாட்டு, நடுவில் நலம் விசாரிப்பு. அக்கா முதலில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் பாட்டுக் கேட்ட கதையை ஒருநாள் எழுதிப் போட்டாள். இருநூறு பேர் பதில் எழுதினார்கள். அன்றைக்கு டப்பாவில் இருந்த சோறு முழுவதும் காலியானதை நான் பார்த்தேன்.

அந்தக் குழுவை மட்டமாகப் பேச எனக்கு மனசு வராது. பித்தப்பைக் கல்லுக்காக அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தபோது எங்கள் அலுவலகத்திலிருந்து போனது நான் ஒருத்தி. குழுவிலிருந்து பத்தொன்பது பேர் வந்தார்கள். டெய்லர், பஸ் கண்டக்டர், கல்லூரிப் பெண்கள், ஒரு பல் டாக்டர்கூட. இரத்தம் கொடுக்க இருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வராந்தாவில் காத்திருந்தார்கள். நர்ஸ் என்னிடம், "இவங்க என்ன பெரிய குடும்பமா?" என்று கேட்டாள்.

அக்கா குழுவின் நிர்வாகிகளில் ஒருத்தி ஆனாள். இருபது வயதுப் பையன்களும் "அக்கா சொன்னா சரிதான்" என்று எழுதுவார்கள். அலுவலகத்தில் மேனேஜர் அவளைக் கேட்காமல் லீவு அட்டவணை போடுவார். வீட்டில் மகள் கேட்காமல் டிவியை மாற்றுவாள். குழுவில் மட்டும் அவள் ஒரு வார்த்தை எழுதினால் முந்நூறு பேர் நின்று கேட்டார்கள்.

ஒரு தடவை பாடகரை நேரில் பார்த்தாள். ஒரு அரங்கத்தின் பின்வாசலில் வரிசையில் நின்று, மூன்று நொடி. போட்டோவில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுக் காரில் ஏறினாராம். அக்கா அதை என்னிடம் சொன்னபோது 'எல்லாரும்' காணாமல் போயிருந்தது. "சாப்பிட்டீங்களான்னு கேட்டாருடி" என்றாள்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. புதுப் பாட்டு வந்தால் முதல் நாளில் இத்தனை லட்சம் பேர் கேட்டதாகக் கணக்குக் காட்ட வேண்டுமாம். அக்கா கவுண்ட்டருக்குக் கீழே மூன்று போன்களை வரிசையாக வைத்து, சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டு, அதே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவாள்.

"யாரும் கேக்காம எதுக்குக்கா பாடணும் அது?" என்று கேட்டேன்.

"உனக்குப் புரியாதுடி. இது கடமை" என்றாள்.

அவரைப் பற்றி யாராவது குறைவாக எழுதினால் அந்த ஆளைத் தேடிப்பிடித்து எல்லோரும் சேர்ந்து திட்டுவதும் கடமையில் சேர்ந்தது. பார்சலை எடை போட்டுக்கொண்டே ஒரு கையால் திட்டுவாள். நேரில் ஒரு ஈயை விரட்டக்கூட யோசிப்பவள், போனில் எழுதிய வார்த்தைகளை ஒருநாள் எட்டிப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. மகள் பிறந்தநாள் அன்று அவள் வாழ்த்துச் சொல்ல மறந்துபோனாள். பாடகரின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். மகள் சண்டை போடவில்லை. "நானும் ஒரு பாட்டுப் பாடியிருக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாளாம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் பாடகரின் புதுப் பாட்டுத் தொகுப்பு வெளியானது. ஒரு வாரத்தில் ஒரு பெண்மணி நான்கு நிமிட வீடியோ ஒன்று போட்டார். வீட்டில் குழந்தைகளுக்கு வயலின் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை. ஐம்பது வயது இருக்கும். பாடகரின் குரல் மேலே போகும்போது தளர்கிறது, அதை மெஷினால் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், அவர் ஒரு வருடம் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொன்னார். "அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவ நான். அதனாலதான் சொல்றேன்" என்று முடித்தார். நானும் அதைப் பார்த்தேன். கேலியோ திமிரோ ஒன்றும் இல்லை. வீட்டு ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றால் பேசுவது மாதிரிப் பேசினார்.

குழு கொதித்துப்போனது. மூன்று நாள் அந்த ஆசிரியையின் போன் ஓயவில்லை. அவருடைய நம்பர் வகுப்பு விளம்பரத்தில் இருந்தது, விலாசம் இல்லை. அவர் வீடியோவை நீக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அப்போது குழுவில் இருந்த பைக் மெக்கானிக் ஒருவன் அக்காவுக்குத் தனியாக எழுதினான்: "அக்கா, நீங்க பார்சல் ஆபீஸ்தானே?"

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. ஒரு தடவை பார்சல் அனுப்பியவர்களின் போன் நம்பரைத் தட்டினால் பெயரும் விலாசமும் தானாக வந்து நிற்கும். திரும்ப எழுதும் வேலை மிச்சம்.

மத்தியானம் மூன்று மணி. கவுண்ட்டரில் கூட்டமில்லை. அக்கா நம்பரைத் தட்டினாள். விலாசம் வந்தது. அதற்குக் கீழே போன வருடம் அனுப்பிய இரண்டு பார்சல்களும் வந்தன: 'வயலின், பழுதுபார்க்க.' அக்காவின் கை நின்றது. நானும் திரையைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. சாம்பல் நிறப் பெட்டியோடு வந்த அம்மா. "குழந்தை மாதிரிம்மா இது, கொஞ்சம் பார்த்துக் கட்டுங்க" என்று கண்ணாடி ஓட்டை வழியாகக் கெஞ்சியவர். குமிழ் உறையை மூன்று சுற்றுச் சுற்றி, காலி இடத்தில் காகிதம் திணித்து, குலுக்கிப் பார்த்துச் சத்தமில்லை என்று உறுதி செய்துகொண்டு அனுப்பியது இதே டேப் அக்கா.

"அக்கா, இதெல்லாம் வேண்டாமே. கஸ்டமர் விலாசம்க்கா" என்றேன்.

"சும்மா இருடி. போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரப்போறாங்க. கொலையா பண்ணப்போறாங்க?"

திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். யாரோ ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். அவருடைய பெட்டியை எடை போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அறுபது பேர் அந்த வீட்டு முன்னால் கூடினார்கள். அக்காவும் போனாள். அங்கே நடந்ததெல்லாம் பிறகு எல்லோரும் பார்த்ததுதான். அவர்களே படம் பிடித்துப் பெருமையாகப் போட்டுவிட்டார்கள். மாடி வீடு. வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. உள்ளே ஏழு குழந்தைகளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை கதவைச் சாத்திவிட்டுப் படியில் இறங்கி வந்தார்.

"குழந்தைங்க பயப்படுறாங்க. தயவுசெஞ்சு போயிடுங்க. வீடியோவை எடுத்துடுறேன்."

"மன்னிப்புக் கேளு!" என்றார்கள்.

அவர் கேட்டார். "தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சிடுங்க" என்றார். தெருச் சத்தத்தில் அது எடுபடவில்லை. அப்போது ஒரு பெண் குரல் வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது: "காது கேக்கல, சத்தமா சொல்லு!"

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். பதினொரு வருடமாகப் பக்கத்தில் கேட்ட குரல். 'ங்க' மட்டும் இல்லை.

அந்தக் குரலுக்குப் பிறகு கூட்டம் படியில் ஏறியது. யார் தள்ளினார்கள் என்று வீடியோவில் தெரியவில்லை. ஆசிரியை எட்டுப் படி சரிந்து விழுந்தார். இடது கையை ஊன்றியபடி எழப் பார்த்தார். மேலே ஏறிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் பூட்ஸ் அந்தக் கையின் மேல் விழுந்தது. வேண்டுமென்றா, கால் தவறியா என்று கோர்ட்டில் இரண்டு நாள் வாதாடினார்கள். மூன்று விரல்கள் நொறுங்கிப்போயின. வயலினில் தந்தியை அழுத்தும் விரல்கள். மேலே ஜன்னலில் குழந்தைகள் அலறுவதோடு வீடியோ முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலையே பாடகர் இரண்டு வரி எழுதினார். வன்முறையில் ஈடுபடுகிறவர்கள் தன் ரசிகர்கள் இல்லை என்றார். முந்நூறு பேர் இருந்த குழுவில் மறுநாள் காலை பதினான்கு பேர் இருந்தார்கள். மத்தியானம் அக்கா மட்டும் இருந்தாள். பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த பத்தொன்பது பேரில் ஒருவரும் அவள் போனை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போலீஸ் அலுவலகத்துக்கு வந்தது. விலாசம் எந்தக் கம்ப்யூட்டரில், யாருடைய கணக்கில் தேடப்பட்டது என்பதெல்லாம் பதிவாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் என்னைத்தான் கேட்டார்.

"பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. அவங்க தேடினதைப் பார்க்கலையா?"

"கவனிக்கலங்க மேடம்" என்றேன். நாக்கு தானாகப் பொய் சொன்னது.

அக்கா தலையைத் தூக்கினாள். "அவ பார்த்தா மேடம். வேண்டாம்னும் சொன்னா. நான்தான் கேக்கல."

என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, உண்மை என்பதால் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் அம்மா எழுதிக்கொண்டார். பிறகு, "அந்தப் பாடகருக்கு உங்களைத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றாள் அக்கா. இன்ஸ்பெக்டர் அம்மா அதை எழுதப் போனதும், "இல்ல மேடம். தெரியாது" என்றாள்.

வேலை போனது. மெக்கானிக்குக்கு இரண்டு வருடம், அக்காவுக்கு எட்டு மாதம். தீர்ப்புக்கு முன்பே இன்னொரு தண்டனை தொடங்கிவிட்டது. "சத்தமா சொல்லு" என்ற அவள் குரலை வெட்டியெடுத்து வேடிக்கை வீடியோக்களில் ஒட்டினார்கள். ஆசிரியைக்காகக் கோபப்பட்டவர்கள் அக்காவின் வீட்டு விலாசத்தைக் கண்டுபிடித்துப் போட்டார்கள். மகள் வேலை பார்க்கும் கடையையும் கண்டுபிடித்தார்கள். கடை போனில் ஒருநாளைக்கு நாற்பது பேர் அந்தப் பெண்ணைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். நியாயத்துக்காகத்தான் திட்டினார்கள். முதலாளி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ நல்ல பொண்ணுதான்மா, ஆனா வியாபாரம் நடக்கணுமே" என்றார். மகள் வேறு ஊருக்கு வேலை தேடிக்கொண்டு போனாள். ஜெயிலுக்கு ஒருமுறை மட்டும் வந்து, "உடம்பைப் பார்த்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அக்கா வெளியே வந்து இரண்டாவது வாரம் எனக்குப் போன் செய்தாள். "அந்த அம்மா வீட்டுக்குப் போகணும். தனியா போக கால் வரல. நீ வர்றியா?"

போகக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் போனேன். இரும்புப் படிக்கட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கீழே கம்பிக் கதவு போட்டுப் பூட்டு தொங்கியது. அழைப்பு மணியை நான்தான் அழுத்தினேன். ஆசிரியை மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கி வந்தார். கதவைத் திறக்கவில்லை. இடது கை பக்கவாட்டில், விரல்கள் உள்ளே மடங்கியபடி இருந்தது.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான்தாங்க விலாசம் கொடுத்தது. மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றாள். குரல் எழும்பவில்லை. அன்றைக்கு ஆசிரியை கேட்ட மன்னிப்பைப் போலத்தான் இவளுடையதும் தெருச் சத்தத்தில் அமுங்கியது. ஆனால் ஆசிரியை சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை.

"நீங்கதானே என் வயலினைக் கட்டினது?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"ரெண்டு தடவையும் ஒரு கீறல் இல்லாம போயிட்டு வந்துது. அந்த ரிப்பேர்க்காரரே கேட்டாரு, யாரு இவ்வளவு பக்குவமா கட்டினாங்கன்னு." கொஞ்ச நேரம் அக்காவின் கைகளையே பார்த்தார். "அப்புறம் ஏம்மா?"

அக்கா கம்பியிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டாள்.

"மன்னிக்கிறேன்னு நான் சொன்னா நீங்க நிம்மதியா போயிடுவீங்க. என்னால சொல்ல முடியல. இந்தக் கையால ஒரு பாத்திரம்கூட பிடிக்க முடியல. ஒரு ஆள் சும்மா பெல் அடிச்சாலே உடம்பு நடுங்குது. இப்ப நீங்க அடிச்சப்பவும் நடுங்குச்சு. இனிமே வராதீங்க" என்றார். திட்டவில்லை. ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். கதவு சாத்தும் சத்தமும், பிறகு உள்தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டன.

திரும்பி வரும்போது அக்கா அழவில்லை. பஸ் ஏறும்போது, "நான் மணி அடிச்சிருக்கக்கூடாதுல்ல?" என்றாள். அடித்தது நான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆசிரியை அடுத்த சில மாதங்களில் வீட்டைக் காலி செய்துவிட்டார். எங்கே போனார் என்று தெரியாது. முன்பானால் தெரிந்துகொள்ள எங்கள் கம்ப்யூட்டர் போதும். இப்போது நம்பரைத் தட்டினால் விலாசத்தில் பாதி நட்சத்திரக் குறியாகத்தான் வருகிறது.

அக்கா இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறாள். கீழ்த்தளம். பெரிய டிரம்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். காய்ந்து வரும் போர்வைகளை இருவர் இருபக்கம் பிடித்து மடிக்க வேண்டும். அவளோடு மடிப்பவள் பேச முடியாத பெண். அதனால் சத்தம் ஒரு பிரச்சினை இல்லை என்று அக்கா சொன்னாள். போன மாதம் மத்தியான இடைவேளையில் அவளைப் பார்க்கப் போனேன். முடி பாதி நரைத்திருந்தது. மகள் மாதம் ஒருமுறை போன் செய்கிறாள், உடம்பைப் பற்றி மட்டும் கேட்கிறாள் என்றாள். போனை எடுத்துக் காட்டினாள். பட்டன் வைத்த பழைய மாடல்.

நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று, "அந்தக் குழுவில சேராமலேயே இருந்திருக்கலாம்க்கா" என்றேன்.

அவள் மேஜைமேல் கிடந்த தலையணை உறை ஒன்றை இழுத்து மடித்தாள்.

"அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஜெயில்லயும் கவுன்சலிங் அம்மாகிட்ட சொன்னேன். உன்கிட்ட பொய் சொல்ல முடியல. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம், காலையில எழுந்தா நம்மளத் தேட நாலு பேர் இருக்காங்கன்னு இருந்தது அந்த அஞ்சு வருஷம்தான்டி. அந்த அம்மா கையை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல. ஆனா அந்த அஞ்சு வருஷத்தை வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. நான் என்ன ஜென்மம்?"

உள்ளேயிருந்து மணி அடித்தது. அடுத்த டிரம் நின்றுவிட்டது என்று அர்த்தமாம். அந்தப் பேசாத பெண் கதவருகே வந்து நின்று, கையால் சைகை காட்டினாள். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "பார்த்துப் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.